குணமடைந்து வீடு திரும்பியோர்

(அம்பத்தூரில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2020, 2021 ஆண்டுகளில் மாலையானால் கொரோனா பற்றி அரசின் செய்திக்குறிப்பு ஒன்று வருமே, நினைவிருக்கிறதா? குடும்பமே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும். இன்று தொற்று உறுதியானோர் இத்தனை பேர். உயிரிழந்தோர் இத்தனை பேர். மூன்றாவதாக ஒரு வரி வரும்: குணமடைந்து வீடு திரும்பியோர் இத்தனை பேர். முதல் எண்ணைக் கேட்டுப் பயந்தோம். இரண்டாவது எண்ணைக் கேட்டு உச்சுக்கொட்டினோம். மூன்றாவது எண்ணைக் கேட்டதும் ‘அப்பாடா’ என்று சேனலை மாற்றினோம். அந்த மூன்றாவது எண்ணைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வீடு திரும்பினார்கள், சரி. குணமடைந்தார்களா?

நான் மனநல நிபுணன் அல்ல. இந்தப் பகுதியில் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மருந்து எழுதிக்கொண்டிருக்கும் பொது மருத்துவன். ஆனால், மனம் உடைந்து போகிறவர் முதலில் வருவது என்னைப் போன்றவர்களிடம்தான். ‘மனசு சரியில்ல’ என்று யாரும் வரமாட்டார்கள். ‘நெஞ்சு படபடங்குது’ என்று வருவார்கள், ‘மூச்சு முட்டுது’ என்று வருவார்கள், ‘தூக்கத்துக்கு ஒரு மாத்திரை குடுங்க டாக்டர்’ என்று வருவார்கள்.

கடும் தொற்றுநோயில் சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவரின் மனத்தில் அந்த அனுபவம் தங்கிவிடுகிறதே, அதுதான் இன்றைய தலைப்பு. மருத்துவர்கள் இதை பி.டி.எஸ்.டி. என்பார்கள், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல். 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் இதற்கு இடம் கொடுத்தார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலைதான் அதற்கு முக்கியத் தூண்டுகோல். அதனாலோ என்னவோ, இன்றும் இது சிப்பாய்களுக்கு வருவது என்றே நினைக்கிறோம். குண்டு வெடித்தால் வரும். சுனாமி அடித்தால் வரும். லாரி மோதினால் வரும். காய்ச்சலில் படுத்தவனுக்கு எப்படி ஐயா வரும்?

வரும். 2003-இல் ஹாங்காங்கில் சார்ஸ் என்ற நோய் பரவியது. கொரோனாவுக்கு அண்ணன் முறை. அதில் பிழைத்தவர்களில் 90 பேரை இரண்டரை ஆண்டு கழித்து மருத்துவர்கள் தேடிப்பிடித்துப் பேசினார்கள். நுரையீரலைப் பார்க்க அல்ல, மனத்தைப் பார்க்க. நான்கில் ஒருவர் அப்போதும் இந்த உளைச்சலோடு இருந்தார். அந்த இரண்டரை ஆண்டில் ஏதோ ஒரு கட்டத்தில் அதற்கு ஆளானவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். காய்ச்சல் போய்விட்டது, இருமல் போய்விட்டது, ஊரே அந்த நோயை மறந்துவிட்டது, அவர்கள் மறக்கவில்லை. 2020-இல் ரோம் நகரத்தில் கொரோனாவிலிருந்து மீண்ட 381 பேரைப் பார்த்தார்கள். பத்தில் மூன்று பேருக்கு இது இருந்தது.

இதைக் கேட்டுவிட்டு ‘கொரோனா வந்த எல்லாருக்கும் மனநோய்’ என்று யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டாம். இவை பெரும்பாலும் மருத்துவமனை வரை போனவர்களிடம் எடுத்த கணக்குகள். பத்தில் மூன்று என்றால், மீதி ஏழு பேருக்கு இல்லை என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. வீட்டிலேயே ஒரு வாரம் படுத்து எழுந்தவர்களில் பெரும்பாலோர் அதைச் சாதாரணமாகத்தான் கடந்து போனார்கள். நான் பேசுவது கடக்க முடியாமல் நின்றுவிட்டவர்களைப் பற்றி. ஆனால் தமிழ்நாட்டில் 2021 மே 21-ஆம் தேதி ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த அலையில் மருத்துவமனை வரை போனவர்களில் சிறு பங்கு என்றாலும், அது எத்தனை வீடுகள்? நம் தெருவில் எத்தனை வீடுகள்?

நம் தெரு என்று சும்மா சொல்லவில்லை. கொரோனாவின் கதையில் நம் மேற்குப் புறநகருக்குத் தனிப் பக்கம் உண்டு. ஊரடங்கு வருவதற்கு முன்பே, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த இடங்களில் ஒன்று நம் பூந்தமல்லி பொதுச் சுகாதார நிறுவன வளாகம். 2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று பரவி, 5-ஆம் தேதி அதை மூடினார்களே, காய்கறிக் கடைகள் எங்கே வந்தன? பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசைக்கு. அந்த வெட்டவெளியில், மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் அனல். அங்கே மூட்டை தூக்கியவர்களுக்கு நோயும் தெரியும், நோயைப் பார்த்து ஊர் எப்படி ஒதுங்கும் என்பதும் தெரியும். அம்பத்தூரை ஒட்டிய அத்திப்பட்டில், குடி போக ஆளுக்காகக் காத்திருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு, நோயாளிகள் தங்கும் மையமானது. ஆவடி ஓ.சி.எஃப். தொழிற்சாலை பட்டாளத்துக்கு உடை தைக்கிற இடம். அங்கே அந்த நாட்களில் டாக்டருக்கும் நர்சுக்கும் தலை முதல் கால் வரை மூடுகிற கவச அங்கி தைத்தார்கள். அந்த அங்கியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு மனிதரைப் பார்ப்போம். ஒருவர் என்று சொன்னாலும் அவர் ஒருவர் அல்ல. நானும் என் நண்பர்களும் பார்த்த பலரைக் கலந்து ஒருவராகச் சொல்கிறேன். ஊரும் பேரும் கேட்காதீர்கள். நாற்பதைத் தாண்டியவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், நம் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறார். 2021 மே மாதம் ஆக்சிஜன் அளவு 84-க்கு இறங்கியது. ஆம்புலன்ஸ் கிடைத்தது, பெட் கிடைக்கவில்லை. மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதே, அந்த வரிசையில் இவரும் மணிக்கணக்கில் படுத்துக் கிடந்தார். பிறகு ஐ.சி.யூ. பிறகு பிழைத்தார். வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். ஊர் கணக்கில் அவர் குணமடைந்து வீடு திரும்பியவர்.

வேலைக்குப் போனார். மெஷினில் சுருள் சுருளாகச் சேர்ந்திருக்கும் இரும்புத் துகளை ஊதித் தள்ள ஏர் கன் இருக்கும். பக்கத்து மெஷின்காரர் அதை அழுத்தினார். ‘புஸ்ஸ்...’ அவ்வளவுதான். இவருக்கு வியர்த்துக் கொட்டியது, கால் தளர்ந்தது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தம் அவருக்குப் பட்டறைச் சத்தமாகக் கேட்கவில்லை. மூக்கில் மாட்டிய ஆக்சிஜன் குழாயின் சத்தமாகக் கேட்டது. அந்தக் கணத்தில் அவர் எஸ்டேட்டில் இல்லை. அந்தக் கட்டிலில் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரரை வெள்ளை பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப்போன அந்த ராத்திரியில் இருந்தார். ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தார்கள். 98. சூப்பர்வைசர் என்ன சொன்னார் தெரியுமா? ‘ஓபி அடிக்கிறான்.’

நினைவுக்கு வருவது வேறு, மறுபடி நடப்பது வேறு. நம் எல்லாருக்கும் கெட்ட நினைவுகள் உண்டு. ஆனால் அது அன்றைக்கு நடந்தது, முடிந்துபோனது என்று நமக்குத் தெரியும். இவருக்கு அது முடியவில்லை. ஒரு சத்தம், டெட்டால் நெடி, தூரத்தில் ஆம்புலன்ஸ் சைரன், எது கேட்டாலும் எது மூக்கில் ஏறினாலும் அது இப்போது, இங்கே நடக்கிறது. இரவில் அதுவே கனவாக வருகிறது. கனவுக்குப் பயந்து தூக்கத்தைத் தள்ளிப் போடுகிறார். விளக்கை அணைக்க விடுவதில்லை. குப்புறப் படுத்தால் ஆக்சிஜன் ஏறும் என்று அங்கே படுக்க வைத்தார்கள் இல்லையா, இப்போது குப்புறப் படுக்கவே மாட்டார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இவரும் அந்த மருத்துவமனை இருக்கும் சாலையிலேயே போவதில்லை. ஒரு பஸ்ஸில் போக வேண்டிய இடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறார். மறுபரிசோதனைக்கு வரச் சொன்ன தேதி கடந்துபோனது. சர்க்கரை ஏறிக்கிடக்கிறது; பார்க்கப் போவதில்லை. டி.வி.யில் மருத்துவமனைக் காட்சி வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். வீட்டில் தட்டு கீழே விழுந்தால் துள்ளி எழுகிறார். அவர் மனைவி சொன்னது என் காதிலேயே இருக்கிறது: ‘பொழச்சு வந்துட்டார் டாக்டர், ஆனா பழைய மனுஷன் வரல. புள்ளைங்க மேல எரிஞ்சு எரிஞ்சு விழறார். சிரிச்சே நாளாச்சு.’

ஒரு மாதத்துக்கு மேல் இப்படி நீடித்து, வேலையையும் வீட்டையும் கெடுத்தால், அதுதான் நான் சொன்ன நோய். இவர் என்னென்ன செய்து பார்த்தார்? கோயிலில் மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், இரண்டு முறை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எல்லா ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னார்: ‘உனக்கு ஒண்ணுமில்லப்பா, எல்லாம் நார்மல்.’ எங்கள் தொழிலில் நாங்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் கொடுமையான வாக்கியம் இதுதான். ஒன்றுமில்லை என்றால், இரவு மூன்று மணிக்கு அவர் நெஞ்சை அழுத்துகிறதே, அது என்ன?

ஸ்கேன் எடுத்தது தவறு என்று சொல்லவில்லை. கொரோனாவுக்குப் பின் மூச்சு வாங்கினால் நுரையீரலில் தழும்பு இருக்கலாம், இதயத்தில் கோளாறு இருக்கலாம், ரத்தசோகை, தைராய்டு எதுவும் இருக்கலாம். முதலில் உடம்பைப் பார்த்தே ஆக வேண்டும். என் வழக்கு எல்லாம், உடம்பைப் பார்த்த பிறகு அங்கேயே நின்றுவிடுகிறோமே என்பதுதான்.

காய்ச்சலில் படுத்தவனுக்கு எப்படி வரும் என்று கேட்டோம் இல்லையா? உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஐ.சி.யூ.வில் ராத்திரியும் இல்லை, பகலும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மெஷின் கத்திக்கொண்டே இருக்கும். பெற்ற பிள்ளை வர முடியாது, கட்டிய மனைவி வர முடியாது. வருகிறவர்களுக்கோ முகம் இல்லை. தலை முதல் கால் வரை அங்கி, கண்ணுக்குக் கண்ணாடி. நம் ஆவடியில் தைத்துக் கொடுத்த அங்கி டாக்டரின் உயிரைக் காத்தது, நர்சின் உயிரைக் காத்தது. அதே அங்கி நோயாளியிடமிருந்து மனித முகத்தை மறைத்தது. அதைத் தவிர்த்திருக்கவும் முடியாது. ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

இதற்கு மேல் இன்னொன்று. ஆக்சிஜன் குறையும்போது, காய்ச்சல் ஏறும்போது, மயக்க மருந்து ஓடும்போது மூளை குழம்பும். இல்லாதது இருப்பதாகத் தெரியும். ‘என்னைக் கட்டிப்போட்டுக் கொல்லப் பார்த்தாங்க’ என்பார் ஒருவர். உண்மையில் ஊசிக் குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டியிருப்பார்கள். ‘சுவர்ல இருந்து தண்ணி வந்து என்னை முழுகடிச்சுது’ என்பார் இன்னொருவர். இந்தக் குழப்பத்துக்கு ஆளானவர்களைத்தான் பிற்பாடு உளைச்சல் அதிகமாகப் பிடிக்கிறது. ரோமில் பார்த்ததும் இதுவே. உண்மையாக நடந்த வலியைவிட, நடக்காத அந்தப் பயங்கரம் ஆழமாக இறங்குகிறது. ஏன்? நடந்ததைப் பற்றி வீட்டில் சொல்லி அழலாம். நடக்காததைச் சொன்னால் ‘பைத்தியம்’ என்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறார்கள்.

ஐரோப்பாவில் சில ஐ.சி.யூ.க்களில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். கட்டிலருகே ஒரு நோட்டுப் புத்தகம். நர்ஸ் எழுதுவார்: இன்று காய்ச்சல் குறைந்தது, இன்று உங்கள் மகள் போனில் பேசினாள், குழாயைப் பிடுங்கியதால் கையைக் கட்டினோம். பிழைத்து எழுந்தவர் கையில் அதைக் கொடுப்பார்கள். தொலைந்துபோன நாட்கள் திரும்பக் கிடைக்கும். 352 பேரை வைத்து 2010-இல் வெளியான ஆய்வில், நோட்டு முன்கூட்டியே கிடைத்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு மட்டுமே இந்த உளைச்சல் வந்தது; கிடைக்காதவர்களில் 13 பேர். 2019-இல் பிரான்சில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே சர்வரோக நிவாரணி என்று விற்கமாட்டேன். ஆனால் ஒரு நோட்டு, ஒரு பேனா. இதற்கு எந்த டெண்டர் வேண்டும்?

சரி, உள்ளே நடந்ததை விடுவோம். வெளியே நாம் என்ன செய்தோம்?

தோழர்களே, இதைக் கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொல்ல வேண்டும். 2020-இல் நோயாளி வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அது மாநகராட்சி செய்தது. பயந்த நேரத்தில், தெரிந்த அளவில் செய்தது. இப்படி ஒவ்வொரு வீட்டிலும் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று அந்த ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றமே சொன்னது. தகரத்தை எடுத்துவிட்டார்கள். நாம் மனத்துக்குள் அடித்த தகரத்தை எப்போது எடுத்தோம்? பால்காரர் பையை வாசலுக்கு எட்டத்திலேயே வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். குணமாகி வந்த பிறகும் குழாயடியில் அந்த அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தள்ளி நின்றார்கள்.

உயிரோடு இருந்தவர்களை விடுங்கள். 2020 ஏப்ரலில், நெல்லூரைச் சேர்ந்த ஒரு மருத்துவர் வானகரத்தில் சிகிச்சை பலனின்றி இறந்தார். உடலை எரிக்க எங்கே கொண்டுவந்தார்கள்? இங்கே, நம் அம்பத்தூருக்கு. எதிர்ப்புக் கிளம்பியது. உடலை வேறிடத்துக்குக் கொண்டுபோய் எரிக்க வேண்டியதாயிற்று. அந்த வாரத்திலேயே, ஏப்ரல் 19-ஆம் தேதி இறந்த நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலஸின் உடலை அடக்கம் செய்யப் போனபோது ஆம்புலன்ஸ் மீது கல் விழுந்தது. சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தன் கையாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று அரசு அந்த மாதத்திலேயே அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு பிணத்தைப் புதைக்கச் சட்டம் தேவைப்பட்டது நம் ஊரில்.

இதையெல்லாம் ஏன் கிளறுகிறேன்? அந்தச் செய்திகளைப் பார்த்துக்கொண்டு, அதே நோயோடு வார்டில் ஒருவர் படுத்திருந்தார் அல்லவா? அவர் என்ன நினைத்திருப்பார்? ‘செத்தாலும் என்னை இந்த ஊரு ஏத்துக்காது’ என்றுதானே? கிருமி கொடுத்த பயம் பாதி. ஊர் கொடுத்த பயம் பாதி. அதிர்ச்சிக்குப் பிறகு ஒருவரைச் சுற்றி ஆட்கள் இருந்தால் மனம் ஆறும். ஒதுக்கி வைத்தால் அது புரையோடும். மனநல மருத்துவர்கள் எந்த நாட்டில் ஆராய்ந்தாலும் இதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாடத்தை உலகத்துக்கு நடத்தியதே நம் சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அதுவரை காசம் வந்தவரை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் தனியே வைப்பதுதான் வழக்கம். சென்னை ஏழை வீடுகளில், குடும்பத்தோடு இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். கூடவே இருந்ததால் வீட்டாருக்குத் தொற்று கூடிவிடவுமில்லை என்று அந்த மையம் நிறுவிக் காட்டியது. உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியது. கொரோனா வேறு நோய், அதில் பிரித்து வைக்காமல் தீராது, ஒப்புக்கொள்கிறேன். பிரித்து வைத்தது பதினான்கு நாள் போதுமே! பதினாலு மாதம் ஏன் பிரித்து வைத்தோம்?

அடுத்து, நோயாளிக்காகக் காத்திருந்தவர்கள். இவர்களை எந்தச் செய்திக்குறிப்பும் எண்ணவே இல்லை. பிரான்ஸ் நாட்டு ஆய்வு ஒன்று சொல்கிறது: கொரோனாவில் நுரையீரல் செயலிழந்து ஐ.சி.யூ.வில் கிடந்தவர்களின் உறவினர்களில், மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், மூன்றில் ஒருவருக்கு மேல் இதே உளைச்சல். உள்ளே படுக்காதவர்களுக்கு! நம்மூரில் கேட்க வேண்டுமா? ஆவடிப் பக்கம் ஓர் அம்மா; இவரும் பலரின் கலவைதான். கணவன், மனைவி இரண்டு பேருக்கும் தொற்று. இரண்டு பேரும் ஒரே மருத்துவமனையில், வேறு வேறு மாடியில். கணவர் போய்விட்டார். ‘உனக்குத் தாங்காது’ என்று பிள்ளைகள் மறைத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த அன்று, மாலை போட்ட போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். முகம் பார்க்கவில்லை. பால் தெளிக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு நாலு பேர் வரவில்லை. ‘அவர் இன்னும் மேல் மாடியிலதான் இருக்கார்னு தோணுது டாக்டர்’ என்கிறார். சாவுச் சடங்கை மூடநம்பிக்கை என்று நானும் கல்லூரி நாட்களில் பேசியவன்தான். ஆனால் பத்து நாள் வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்து, அழுது, இறந்தவரின் பேச்சைப் பேசித் தீர்ப்பதில் ஒரு வைத்தியம் இருக்கிறது. அந்த வைத்தியம் அந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. இப்போது செய்தால் என்ன? திதி வரும் நாளில் உறவெல்லாம் கூடி அந்தப் பேச்சைப் பேசினால் எந்தச் சாஸ்திரம் தடுக்கப் போகிறது?

இன்னொரு சுமை, குற்ற உணர்ச்சி. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் வாங்க நின்ற வரிசையை மறந்திருக்கமாட்டீர்கள். பிறகு அந்த விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். நகையை அடகு வைத்து, வெயிலில் நின்று, கிடைக்காமல் திரும்பிய மகன் இன்றும் சொல்கிறான்: ‘அந்த ஊசி கிடைச்சிருந்தா அப்பா இருந்திருப்பார்.’ அந்த மகன் இந்த அவையில் இருந்தால் கேட்டுக்கொள்ளட்டும். மருத்துவமனையில் கிடக்கும் நோயாளிகளுக்கு அந்த மருந்தைப் பரிந்துரைக்க இயலாது, உயிரைக் காக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. பின்னாளில் சிலருக்கு ஓரளவு பலன் உண்டு என்று அது தன் கருத்தைத் திருத்திக்கொண்டது. எப்படிப் பார்த்தாலும், சாவையும் பிழைப்பையும் தீர்மானித்த ஊசி அதுவல்ல. தம்பி, உன் அப்பா நீ வரிசையில் பின்னால் நின்றதால் சாகவில்லை.

இதற்கு வைத்தியம் உண்டா? உண்டு. ஆனால் வைத்தியத்துக்குப் போகும் வழியில் ஒரு பெயர்ப்பலகை நின்று மறிக்கிறது: கீழ்ப்பாக்கம். 1794-இல் தொடங்கிய மருத்துவமனை அது. இன்று மனநலக் காப்பகம் என்று பெயர். நம் சினிமாக்காரர்கள் அந்த ஊர்ப் பெயரையே கேலிச் சொல்லாக்கி, மூன்று தலைமுறையைச் சிரிக்க வைத்துவிட்டார்கள். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று நாமும் சொல்லிச் சிரித்தோம். அதன் விலை என்ன தெரியுமா? லேத் பட்டறைக்காரர் இரண்டு ஸ்கேன் எடுக்கக் கடன் வாங்குவார். மனநல மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதிக்கொள்ள மாட்டார். அந்த மருத்துவமனையைப் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்தியவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். அவர் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வைத்தியம் எப்படி நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஷாக் கொடுத்து அடைத்து வைக்கமாட்டார்கள். பேச்சுதான் முதல் மருந்து. பயிற்சி பெற்றவர் முன்னால், வாரம் ஒரு முறை, நடந்ததை முதலிலிருந்து முடிவு வரை பேசுவது. முடிவு வரை என்பது முக்கியம். அவர் மனம் எப்போதும் அந்தக் கட்டிலிலேயே நின்றுவிடுகிறது, ஆரத்தி எடுத்த வாசல் வரை வருவதேயில்லை. பிறகு, ஒதுங்கிய இடங்களுக்கு மெதுவாகத் திரும்புவது. முதல் வாரம் மனைவியோடு மருத்துவமனை எதிரே டீ குடித்துவிட்டு வருவது. அடுத்த வாரம் கேட்டைத் தாண்டுவது. பட்டறையில் அந்த ஏர் கன்னைத் தன் கையால் பிடித்து, தானே அழுத்துவது. விசை தன் விரலில் இருக்கிறது என்று உடம்பு தெரிந்துகொள்ள வேண்டும். பலருக்கு மூன்று மாதத்துக்குள் நல்ல மாற்றம் தெரியும்.

மாத்திரையும் தேவைப்படலாம். செர்ட்ரலின் போன்ற மருந்துகள் வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் ‘ஒண்ணும் கேக்கல’ என்று நிறுத்திவிடாதீர்கள். கேட்ட பிறகு திடீரென்றும் நிறுத்தாதீர்கள். இது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து அல்ல. அடிமையாக்குவது எது தெரியுமா? பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி விழுங்கும் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள். இந்த நோய்க்கு அவை ஆகாது. டாஸ்மாக்கில் வாங்கும் குவார்ட்டர் அதைவிட ஆகாது. தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கி, குடிக்காமல் தூங்க முடியாத இடத்துக்கு வந்து நிற்கும் பலரை இந்தப் பகுதியில் எனக்குத் தெரியும்.

நல்ல மனம் படைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘எல்லாத்தையும் கொட்டித் தீர்த்துடு, மனசு லேசாகும்’ என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். விபத்து நடந்த சூட்டோடு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லச் செய்வதால் பயன் இல்லை, சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்று பார்த்துவிட்டார்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் பக்கத்தில் இருங்கள். எதையாவது கேட்டே ஆக வேண்டும் என்றால், ‘ராத்திரி தூங்குறீங்களா?’ என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு யாரும் கோபப்படமாட்டார்கள். உண்மையான பதிலும் வரும்.

எஸ்டேட் முதலாளிகள் இரண்டொருவர் வந்திருக்கிறீர்கள், பார்க்கிறேன். பழைய நோயாளி ஒருவர் வேலையில் தடுமாறினால் மெமோ கொடுப்பதற்கு முன் அவரை ஒரு மருத்துவரிடம் அனுப்புங்கள். மெஷின் இடத்தை மாற்றிக் கொடுங்கள். என் சக மருத்துவர்களுக்கு: ரிப்போர்ட் நார்மல் என்றால், ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லாமல், அடுத்த கேள்வியைக் கேளுங்கள். மூட்டை தூக்கியவர்களும், மயானத்தில் எரித்தவர்களும், வார்டைக் கூட்டியவர்களும் நோயாளியாக இல்லாமலே இதைச் சுமக்கிறார்கள், அவர்களையும் விட்டுவிடாதீர்கள். கொரோனா ஓய்ந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: டெங்குவில் ஐ.சி.யூ. போனவரும், காசநோயில் ஒதுக்கப்பட்டவரும் நம் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். ஆண்டுகள் கடந்துவிட்டால் சிகிச்சை பலிக்காது என்பதும் இல்லை.

கடைசியாக ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், பேனா இல்லாதவர்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள்: 14416. 2022 அக்டோபர் முதல் நடக்கும் அரசு மனநல உதவி எண். இரவும் பகலும் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பார்ப்பதற்கும் கட்டணம் கிடையாது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், அந்த இரண்டு ஆண்டுகளில் மருத்துவமனைக்குப் போய்வந்த ஒருவரையாவது போனில் கூப்பிட்டு, தூக்கம் எப்படி என்று விசாரியுங்கள்.